வாசிகசாலை டைனமோ

1991 ஐப்பசி. காலை 6.05. கோண்டாவிலில் வாசிகசாலைக் கதவைத் திறந்த பொறுப்பாளர் இராசமலர் திகைத்து நின்றாள். தலைகீழாய் நிறுத்திய சைக்கிள் இருந்தது, வானொலியும் இருந்தது. பின்சில்லோடு பூட்டியிருந்த டைனமோவைக் காணவில்லை. மின்சாரமும் பற்றரியும் இல்லாத ஊரில், பெடலைக் கையால் சுற்றி, அந்த டைனமோவால்தான் நாற்பது வீட்டார் செய்தி கேட்டார்கள்.

பூட்டு உடைபடவில்லை. அந்தப் பூட்டுக்குத் திறப்புகள் இரண்டு. ஒன்று தலைவர் சிவசுப்பிரமணியம் மாஸ்ரரிடம். மற்றதை, வயர் திருத்த வந்த சைக்கிள்கடை ஐசாக்கிடம் நேற்றுக் கொடுத்து, இப்போதுதான் வாங்கி வந்திருந்தாள்.

6.20. சனம் கூடியது. மாஸ்ரர் சைக்கிளில் வந்து இறங்கி, தொண்டையைச் செருமினார்.

"டைனமோ எண்டால் என்ன? கிரேக்கத்திலை பலம். டைனமைற்றும் அதின்ரை கூடப்பிறப்பு!"

"எங்களுக்கு றேடியோ கதைச்சால் காணும், மாஸ்ரர்" என்றார் கூட்டத்தில் நின்ற தம்பிராசா.

"பொறும். திறப்பு உவன் ஐசாக்கிட்டை இருந்தது. ஆளை இயக்கப் பெடியளிட்டைக் குடுப்பம். அதுவரைக்கும் செய்தியை நான் ஊகிச்சுச் சொல்லுறன்."

ஐசாக் வெளிறிப்போனார். விசாரணைக்கென்று பெடியளிடம் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று எவரும் ஊகித்துச் சொன்னதில்லை.

மாஸ்ரர் டைனமோ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதத் திரும்பினார். வெள்ளை வேட்டியின் பின்புறத்தில் ஈரச் செம்மண். எல்லாரும் கண்டார்கள், மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தார்கள். இராசமலர் மட்டும் வெளியே போய், அவருடைய சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மாஸ்ரர், வழியிலை விழுந்தனீங்களோ?"

"நானோ? இல்லைப் பிள்ளை. வீட்டிலையிருந்து நேரை சைக்கிளிலை வாறன்."

"அதிலை எப்பவாவது டைனமோ பூட்டினனீங்களோ?"

"ஒருநாளும் இல்லை!"

"அப்ப வேட்டியிலை இருக்கிற மண் சீற்றிலையிருந்து வந்தது. சைக்கிளைத் தலைகீழாய் வைச்சால்தான் சீற்று நிலத்திலை முட்டும். ஹாண்டிலிலையும் அதே மண். ரியூப் ஒட்டத்தான் கவிழ்த்தனான் எண்டு சொல்லுவியள். ஆனால் பின்ரயரின்ரை பக்கத்திலை, காய்ஞ்ச மண்ணுக்கு நடுவிலை, கறுப்பாய் ஒரு வட்டம் மினுங்குது. டைனமோவின்ரை உருளை உரஞ்சின தடம். வீட்டு றேடியோவிலை செய்தியைத் தனியக் கேட்டுப்போட்டு, எங்களுக்கு ஊகம் எண்டு சொல்லப் பாத்தியள். நான் போய் எடுக்கட்டோ, நீங்களே கொண்டுவாறியளோ?"

மாஸ்ரர் வேட்டியின் பின்புறத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படியிறங்கினார்.

6.40. சால்வையில் சுற்றிய டைனமோ வந்து சேர்ந்தது. ஐசாக் அதைப் பூட்டினார்.

6.45. மாஸ்ரர் பெடலைச் சுற்ற, செய்தி தொடங்கியது. தலைவரின் கதிரையில் அமர்ந்திருந்த ஐசாக் காதைச் சாய்த்தார்.

"சத்தம் விழுது, மாஸ்ரர். நிப்பாட்டாதையுங்கோ."