அங்கேயே இருங்க

தெற்கே பார்த்து நிறுத்தி வைத்திருந்த ஆண்டெனா கிழக்கே திரும்பியிருந்தது.

கடையை மூடிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறி வந்ததும் ஆனிபாலின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். பெரிய மீன் முள்ளைப் போன்ற அந்த அலுமினியக் கம்பிகள், பாறை முனைப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. காற்றாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். எங்கே காற்று? பராயிசோ ஊரே வெந்துகொண்டிருந்தது. வாழைக்காய் பொரிக்கிற எண்ணெய் வாசனையும், எதிர்வீட்டுப் பச்சாத்தா பாட்டும், கரையில் அழுகும் கடற்பாசியின் நாற்றமும் தெருவை விட்டு நகராமல் அப்படியே நின்றன.

இந்த மாதிரிப் புழுக்கமான மாலைகளுக்காகத்தான் அவன் வருஷமெல்லாம் தவம் கிடப்பான். மற்ற நாட்களில், கேட்கவும் பேசவும் முடிகிற அவன் ரேடியோவில் அடிவானத்துக்கு அப்பாலிருந்து ஒன்றும் விழாது. சூடான காற்று கடல்மேல் மூடி போட்டுப் படுக்கும் நாட்களில் மட்டும், எண்ணூறு கிலோமீட்டர் தெற்கே வெனிசுவேலாக் கரையில் பேசுகிற பேச்சு கடலோடு வழுக்கிக்கொண்டு இந்த டொமினிக்கன் கரை வரைக்கும் வந்து சேரும். அந்தக் குரல்களைப் பிடிப்பதில் அவனுக்கு அப்படியொரு பைத்தியம்.

போன மாதம் அப்படித்தான் ஒரு குரல் வந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா? படகு கவுந்துருச்சு... யாராச்சும்..."

தேய்ந்துபோன குரல், அசல் வெனிசுவேலாப் பேச்சு. ஆனிபாலுக்குத் தலைகால் புரியவில்லை.

"கேக்குது, கேக்குது! எங்கேருந்து பேசறீங்க?"

"தண்ணியிலருந்து அண்ணே. தூரத்துல ஒரு பச்சைச் சிலுவை விளக்கு தெரியுது."

பச்சைச் சிலுவை மாட்டிய மருந்துக்கடை எந்த ஊரில்தான் இல்லை?

"உங்க சத்தம் ரொம்ப மெல்லிசா வருது. எங்கேயும் போயிடாதீங்க. அங்கேயே இருங்க!"

சொல்லிவிட்டு என்ன செய்தான்? பரஹோனாவில் இருக்கும் சிநேகிதன் ராதமேஸுக்குப் போன் போட்டான்.

"டேய், வெனிசுவேலா விழுதுடா! ரேடியோவப் போடு!"

"போடா. போன தடவை பக்கத்துத் தெரு டாக்சிக்காரனைப் பிடிச்சுட்டு, பனாமா பனாமான்னு குதிச்சவன்தானே நீ?"

இருவரும் சிரித்தார்கள். ஆனிபால் மறுபடி மைக்கை எடுத்தபோது வெறும் இரைச்சல்தான் இருந்தது. ஆபத்தில் இருப்பவனை அந்த ஊர்க் கடற்படை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தான். உண்மையில் அப்போது அதைக்கூட நினைக்கவில்லை. நினைத்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலையில் யுலெய்சி கடைக்கு ஓடி வந்தாள். பிழைப்புக்காக வெனிசுவேலாவிலிருந்து வந்து எதிர்ச்சந்தில் குடியிருக்கும் பெண், ஆறு மாத வயிறு. மீன்பிடிக்கப் போன அவள் புருஷன் யோர்மன் திரும்பவில்லை. கையில் சின்ன ரேடியோ வைத்திருந்தானாம். பாறை முனையைத் தாண்டிப் போனதை யாரோ பார்த்தார்களாம்.

பாறை முனையிலிருந்து பார்த்தால் ஊரில் தெரிகிற பச்சைச் சிலுவை ஒன்றே ஒன்றுதான். அது ஆனிபாலின் கடை வாசலில் இருந்தது. அன்றைக்கே அதன் பியூஸைப் பிடுங்கி எறிந்தான்.

இன்று சாயங்காலமும் அவள் வந்திருந்தாள்.

"அந்தப் படகு முதலாளி சந்தையில வச்சு என்னா பேச்சுப் பேசறாரு தெரியுமாண்ணே? படகத் திருடிக்கிட்டு உன் புருஷன் புவெர்தோ ரீக்கோவுக்கு ஓடிட்டான், நீயும் கூட்டுக் களவாணிங்கிறாரு. பொறக்கப்போற புள்ளைக்குத் திருடன் புள்ளைன்னு பேராண்ணே? உங்க பெரிய ஆண்டெனாவுல ஒண்ணுமே விழலையா?"

ஒரு வார்த்தை போதும், யோர்மன் திருடன் இல்லை என்று ஆகிவிடும். அந்த வார்த்தை ஆனிபாலின் நாக்கு வரை வந்தது.

"உள்ளூர்ச் சத்தத்தை நான் காதுல வாங்கறதில்லம்மா" என்றான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவன் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, எரிந்தது. ஆண்டெனாவைத் தெற்கே திருப்பிவிட்டு, தகரக் கூரைக்கு அடியில் இருந்த ரேடியோவைப் போட்டான். இரைச்சல் வந்தது. கூடவே ஆண்டெனாவைத் திருப்பும் மோட்டாரின் முனகலும் கேட்டது. குமிழை அவன் தொடவே இல்லை, ஆனால் கம்பம் சுற்றியது. ஆண்டெனா மறுபடி பாறை முனைக்குப் போய் நின்றது. ரேடியோவில் சிக்னலின் பலத்தைக் காட்டும் முள் லேசாக எழுந்தது.

"அங்கேயே இருந்தேண்ணே."

அதே குரல்.

மோட்டார் மறுபடி முனகியது. ஆண்டெனா மெல்ல நகர்ந்து மீன் இறக்கும் துறையைக் காட்டியது. முள் ஏறியது. பிறகு தேவாலயம். முள் இன்னும் ஏறியது. பிறகு பேக்கரி முக்கு. நடந்து வருகிற ஒரு ஆளின் வேகம்.

சட்டென்று கரண்டு போனது. பச்சாத்தா பாட்டு பாதியில் நின்றது. "போச்சுடா!" என்று தெரு முழுக்கச் சத்தம். ஊரே இருட்டு.

மோட்டார் நிற்கவில்லை.

ஆண்டெனாக் கம்பியை ரேடியோவிலிருந்து பிடுங்கினான். முள் இறங்கவில்லை.

"ரொம்ப நேரம் இருந்தேண்ணே. நீங்க சொன்னீங்களேன்னு."

மைக்கை அழுத்தினான். "மன்னிச்சிருப்பா. இப்பவே சொல்லிடறேன். உன் பொண்டாட்டிகிட்ட இப்பவே..."

கீழே வாசலில் பச்சை வெளிச்சம் பூத்தது.

"அண்ணே!" யுலெய்சியின் குரல். "கரண்டே இல்ல, உங்க சிலுவை மட்டும் எரியுது!"

கைப்பிடிச் சுவருக்கு ஓடினான். அவள் தெரு நடுவில், முகமெல்லாம் பச்சையாக, அண்ணாந்து நின்றாள். சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும். வாயைத் திறந்தான்.

இரைச்சல் வந்தது.

அவன் தொண்டையிலிருந்து. ரேடியோ இரைச்சல். வார்த்தை இல்லை. மறுபடி கத்தினான். மறுபடியும் இரைச்சல்.

அவள் காதில் கையை வைத்துக் கேட்டாள்.

"என்னண்ணே? ரொம்ப மெல்லிசா வருது, ஒண்ணும் புரியல! எங்கேயும் போயிடாதீங்க. அங்கேயே இருங்க, நான் யாரையாச்சும் கூட்டிட்டு வர்றேன்!"

ஓடிவிட்டாள்.

பின்னால் அலுமினியம் கிறீச்சிட்டது. திரும்பினான்.

ஆண்டெனா கீழே வளைந்திருந்தது. அதன் நுனி மாடிக் கதவைக் காட்டியது. கதவு திறந்திருந்தது. வாசலில் யாரும் இல்லை. நுனி நகர்ந்தது. தண்ணீர்த் தொட்டி. துணிக்கொடி. ரேடியோ மேசை. யாருமில்லாத மாடியில் யாரோ நடந்து வருவதைத் தொடர்ந்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக.

அது ஆனிபாலின் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

"இப்ப நல்லாக் கேக்குதாண்ணே?"