கண் திறந்த குதிரை

கண்ணாடி அலமாரிக்குள் இருந்த அறுபத்திரண்டு குதிரைகளும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன.

ராகினி காலணியைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டாள். இரவு ஷிப்ட் முடிந்து பத்து பெரண்டாம் வட்டாரத்துப் பெக்டரியிலிருந்து வந்த அலுப்பில் கண்தான் பொய் சொல்கிறதோ என்று நினைத்தாள். இல்லை. அரபுக் குதிரை, குட்டை மலைக்குதிரை, வண்டி இழுக்கும் பெருங்கால் குதிரை என்று பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு பொம்மையாகச் சேர்த்து, எல்லா முகமும் தெருவைப் பார்க்கும்படி அவளே அடுக்கியவை. இப்போது வெறும் வால்கள். அலமாரி பூட்டியிருந்தது, சாவி அவள் கழுத்தில், பெக்டரி அட்டையோடு தொங்கியது.

நடுத்தட்டில், அறுபத்துமூன்றாவது மட்டும் வெளியே பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மண் குதிரை.

"மலருதான் வெளையாடியிருப்பா," என்றான் கணவன் பிரவின், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. அவள் வந்தால்தான் அவன் வேலைக்குக் கிளம்ப முடியும். "இந்த வீட்டுல குதிரைக்கு இருக்கற மரியாத எனக்கு இல்ல லா." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மகள் மலர்விழி நீலச் சீருடையில், இரட்டைச் சடையோடு மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது. வலது காலணியின் வார் அறுந்திருந்ததால் ராகினி குனிந்து சிவப்பு ரப்பர் ஒன்றைச் சுற்றிவிட்டாள்.

"குதிரைய தொட்டியா?"

"நான் தொடலம்மா. அதுங்களுக்கு புது குதிரைய புடிக்கல."

"ஏன்?"

"அது ஏறிக்க ஏறிக்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. நான் மாட்டேன்னுட்டேன்."

வெளியே வேன் ஹார்ன் அடித்தது. பிள்ளை வீட்டில் இல்லாமல் பாலர் பள்ளியில் இருப்பதே நல்லது என்று ராகினிக்குத் தோன்றியது. வேன் ஓட்டும் ஜெயா அக்காவிடம் அவளை ஏற்றிவிட்டாள்.

அந்தக் குதிரையைப் பழைய சாமான் விற்கும் காளிதாஸிடம் வாங்கியிருந்தாள். சிம்பாங் அம்பாட் பக்கம், செம்பனை நடுவதற்காக இடித்த ஒரு தோட்டத்துக் கோயிலின் சாமான் அறையில் கிடந்ததாம். முழங்கால் உயரம், முதுகில் சேணம், கழுத்தில் மணிமாலை, எல்லாம் மண்ணிலேயே. கண் மட்டும் இல்லை. ஆசை வெட்கம் அறியாது. யாருடைய நேர்த்திக்கடனோ என்று மனம் உறுத்தியும் தூக்கிக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை லீவு. விரிசலை அடைத்து, வர்ணம் பூசி, எப்போதும்போலக் கடைசியாகக் கண்ணை வரைந்தாள். மெல்லிய தூரிகையால் கறுப்பு வட்டம், அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மலர்.

இப்போது ராகினி படுக்கையில் புரண்டாள். திரைச்சீலை மூடிய அறைக்குள் மின்விசிறி கிறீச்சிட்டது, விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோல் போனது, அது போன பிறகும் ஏதோ ஒரு சத்தம் மிச்சமிருந்தது, டைல்ஸ் தரையில் ஓடு வைத்துத் தட்டுவதுபோல், நொக், நொக், சமையலறை வரை போய்த் திரும்பி, அறை வாசலில் நின்றது. ஈர மண் வாசம். அதோடு சுருட்டு வாசம்; இந்த வீட்டில் யாரும் சுருட்டுப் பிடிப்பதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ராகினியோ பட்டப்பகலில் வியர்த்துக் கிடந்தாள்.

எழுந்து கூடத்துக்குப் போனாள். தரையில் செம்மண். மலரின் கட்டில் வரை.

காளிதாஸுக்குப் போன் அடித்தாள்.

"கண்ணு வரைஞ்சிட்டீங்களாக்கா?" என்றுதான் முதலில் கேட்டான். குரல் சரியில்லை. "நேத்துதான் பூசாரி மவன் சொன்னான். கண்ண கோயில்லதான் தொறக்கணுமாம், சாமிக்கு எதுக்க. தொறந்த ஒடனே சாமி ஏறிக்குமாம்."

"வீட்ல தொறந்தா?"

"ஏற ஒரு ஆளு வேணும்ல."

குதிரையைப் பழைய துணியில் சுற்றிக் காடியின் பின் சீட்டில் வைத்து ஓட்டினாள். காளிதாஸ் முச்சந்தியில் காத்திருந்து, மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் வழி காட்டினான். செம்பனைக் காட்டுக்குள், ஆலமரத்தடியில் சாமிக்கல் மட்டும் மிஞ்சியிருந்தது. அவன் குதிரையைத் தொடவில்லை. அவளே கல்லைப் பார்க்க வைத்து, கற்பூரம் ஏற்றி, என் பிள்ளையை விட்டுவிடு என்று வாய்விட்டே கெஞ்சினாள். அப்போது மணி பத்தரை. வீட்டு வாசலில் காடியை நிறுத்தும்போதுதான் மூச்சு சீராக வந்தது.

போன் அடித்தது. ஜெயா அக்கா.

"ராகினி, பதறாதம்மா. புள்ளைங்கள கூட்டிக்க ஸ்கூலுக்கு வந்தேன், மலர் இல்ல. ஒனக்கு போன் போட்டாங்களாம், கெடைக்கலயாம். பத்தரைக்கு வெளிய வெளையாடிக்கிட்டு இருந்தாளாம். கேட் கிட்ட எதையோ பாத்து, எங்க வீட்டுக் குதிரைன்னு சொல்லிக்கிட்டு ஓடினாளாம். டீச்சரு திரும்பிப் பாத்தா புள்ளைய காணோம். எல்லாரும் தேடிக்கிட்டு இருக்காங்க..."

வீட்டு கேட் திறந்திருந்தது.

கதவும்.

வாசற்படியில் செம்மண். கூடத்தில் செம்மண். சுருட்டு வாசம்.

அலமாரி பூட்டியே இருந்தது. அறுபத்திரண்டு குதிரைகளும் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. நடுத்தட்டைப் பார்த்தன.

அங்கே மண் குதிரை. ஆலிலை ஒன்று குளம்பில் ஒட்டியிருந்தது.

சேணம் காலியாக இல்லை.

விரலளவு உருவம். புதுக் களிமண், இன்னும் ஈரம் சொட்டியது. இரட்டைச் சடை. சீருடையின் மடிப்புகள். வலது காலில் மட்டும் நிறம் இருந்தது. சிவப்பு ரப்பர், மண்ணில் செய்ததல்ல.

மூக்கு இருந்தது. வாய் இருந்தது. கண் இல்லை.

குதிரையின் காலடியில் ராகினியுடைய மெல்லிய தூரிகை கிடந்தது. அதன் நுனியில் கறுப்பு மை காயவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சின்ன மண் முகம், மெல்ல, அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.