சுந்தராம்பாளுக்கு ஒரு சுவர்

"பத்தே நிமிஷம்! அப்பா அம்மாக்கள் வந்தாச்சு!" கணினி அறைக்குள் தலையை நீட்டிச் சொல்லிவிட்டு ஓடினார் மஞ்சுநாத் சார்.

மைசூரு விஜயநகரில் இருந்த அந்தப் பள்ளியில் அன்று கண்காட்சி. மனிஷா பேசிக் என்ற கணினி மொழியில் ஒரு வரவேற்புப் பலகை எழுதியிருந்தாள். பெயரைத் தட்டினால் போதும், திரை நடுவே அந்தப் பெயர் வரும். அதன் இரண்டு பக்கமும் ஒரு கோடு சுவர் மாதிரி நிற்கும். தன் பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்து மகிழ்ந்திருந்தாள்.

இப்போது அவள் தோழி சுந்தராம்பாள் ஆசையாகத் தன் பெயரைத் தட்டினாள். வலப்பக்கச் சுவர் நேராகப் பெயருக்குள் புகுந்து, ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு நின்றது.

"பேரா அது, ரயிலா?" என்று சிரித்தான் பக்கத்து இருக்கை யுவன்.

சுந்தராம்பாளின் முகம் வாடிப்போனது. "சுந்துன்னு மாத்திடுடீ. எங்கப்பா அம்மா முன்னாடி யாராவது சிரிச்சா அழுதுருவேன்."

சுலபமான வழிதான். ஆனால் மனிஷாவுக்கு மனசு கேட்கவில்லை.

"உன் பேருல தப்பில்லடீ. நான்தான் சுவரை ஒரே இடத்துல கட்டிட்டேன்."

சுவரைத் தள்ளி வைத்தாள். இப்போது யுவன் தன் பெயரைத் தட்ட, அது காலி மண்டபத்தில் ஒற்றை ஆளாக நின்றது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே காலடிச் சத்தம். என்ன செய்வது? மனிஷா திரையையே வெறித்துப் பார்த்தாள். தட்டிய பெயரின் கடைசி எழுத்தை ஒட்டி, கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

"பேரு எங்க முடியுதுன்னு இதுக்குத் தெரியுமே!"

கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்ல POS என்று ஒரு கட்டளை உண்டு. முதலில் பெயர், பிறகு POS சொல்லும் இடத்தில் சுவர் என்று மாற்றி எழுதி ஓடவிட்டாள்.

சுவர் திரையின் இடது ஓரத்தில் போய் நின்றது!

"அய்யோ! பேரு வந்ததும் கர்சர் அடுத்த வரிக்கு ஓடிடுச்சு." பெயருக்குப் பின்னால் அரைப்புள்ளி வைத்தால்தான் அது அதே வரியில் நிற்கும். அவசரமாக அரைப்புள்ளியை வைத்தாள். சரிபார்ப்பதற்குள் கதவு திறந்தது.

"எங்க பொண்ணு பேரும் இதுல வருமா?" என்று கேட்டபடி உள்ளே வந்தார் சுந்தராம்பாளின் அப்பா கிருஷ்ணராஜ்.

"நீயே தட்டு" என்றாள் மனிஷா.

சுந்தராம்பாள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். பெயர் வந்தது. ஓர் எழுத்தும் குறையவில்லை. கடைசி எழுத்துக்கு அப்புறம்தான் சுவர்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு யுவனைப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள், இந்தத் தடவை அப்பாவின் முழுப் பெயரையும் சேர்த்து.

சுவர் மரியாதையாக இன்னும் தள்ளி நின்றது.