பிரேக் விளக்கு

சாவியை எடுத்த பிறகும் பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

2002, ஆனி மாதத்து மத்தியானம். மலையிலிருந்து இறங்கிய சாரல் தகரக் கூரையைச் சுரண்டிக்கொண்டிருக்க, கூடலூர் மேட்டுத்தெருவின் உச்சியிலிருந்த எலக்ட்ரிக்கல் ஷெட்டுக்குள் அந்தச் சிவப்பு வெளிச்சம் ஈரச் சுவரெல்லாம் படிந்து கிடந்தது. கார் அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. பச்சை நிறம், இரண்டே சீட்டு, குமுளிப் பக்கத்து ஏலத்தோட்ட முதலாளியின் செல்லம். அதன் வயரிங்கில் கைவைக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்று இத்ரீஸுக்கு நினைப்பு. பிரேக்கை மிதித்தால்தான் அந்த விளக்கு எரியும். சீட்டில் யாருமில்லை.

ஃப்யூஸைப் பிடுங்கினான். எரிந்தது. பிரேக் சுவிட்சின் வயர்களைக் கழற்றினான். எரிந்தது. சீட்டுக்குப் பின்னாலிருந்த பேட்டரியையே தூக்கித் தரையில் வைத்தான். ஆசிட் நெடி, நனைந்த லெதர் வாடை, அதற்குள்ளிருந்து மெல்ல எழுந்துவந்தது அழுகிய பன்னீர் திராட்சையின் இனிப்பு. விளக்கு அணையவில்லை.

ஐந்து நாளைக்கு முன் ஹெட்லைட் வேலை முடித்து, பொழுது சாயும் நேரத்தில் லோயர்கேம்ப் ரோட்டில் இதை ஓட்டிப் பார்த்தான். வளைவில் லைட் அணைந்தது. திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து கூடையோடு வந்த சங்கிலியம்மாளைப் பம்பர் அடித்துத் தள்ளியது.

"போயிராதய்யா... தூக்கி விட்டுட்டுப் போய்யா..."

தெளிவாகக் கேட்டது. முதலாளிக்குத் தெரிந்தால் பிழைப்பு போய்விடும். அவன் பிரேக்கை மிதிக்கவில்லை.

மறுநாள் சோறு போடும்போது மனைவி ரஃபியா சொன்னாள்: "ஏதோ லாரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டானாம்ங்க. விடியிற வரைக்கும் அங்கனயே உசுரோட கெடந்துச்சாம். நின்னு தூக்கியிருந்தா பொழச்சிருக்கும்னு ஆசுபத்திரியில சொன்னாகளாம்."

"ஈவு இரக்கமில்லாத பய" என்றான். இன்னொரு கரண்டி மீன்குழம்பு வாங்கிக்கொண்டான்.

இப்போது பேட்டரி தரையில் கிடந்தும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெடல்தான் எங்கோ சிக்கியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தான். விளக்கு அணைந்தது. அப்பாடா என்றிருந்தது.

டக்.

ஹேண்ட்பிரேக் தானாகக் கீழே விழுந்தது. முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல் நகரும் சத்தம். கார் வாசலைத் தாண்டியது. எதிரே செங்குத்தாக இறங்கும் தெரு. இரண்டு பக்கமும் சுவர். ஒதுங்க இடமில்லை.

கீழேயிருந்து ரஃபியா வந்துகொண்டிருந்தாள். கையில் சோற்றுத் தூக்கு. சாரலுக்குச் சாய்த்துப் பிடித்த குடை முகத்தை மறைத்திருந்தது.

"ரஃபியா! ஓடு!"

சாரலில் கேட்கவில்லை.

பிரேக்கை மிதித்தான். இறங்கவில்லை. இரண்டு காலாலும் மிதித்தான். இறங்கவில்லை. குனிந்து பார்த்தான்.

பெடலுக்கு அடியில் ஒரு கை. உடைந்த கண்ணாடி வளையல். திராட்சைச் சாறு கறுத்த ஐந்து விரல்கள் பெடலைத் தாங்கிப் பிடித்திருந்தன.

குடை பம்பரில் மோதியது.

கார் நிற்காமல் இறங்கியது. பின்னாலிருந்து தெளிவாகக் கேட்டது.

"ஏங்க... போயிராதீங்க... தூக்கி விடுங்க..."

விரல்கள் பெடலை விடவில்லை.