நாலு நிமிஷம் பத்து செகண்டு

“அழிச்சுப்போடுங்கறன், பேசாம அழிச்சுப்போட வேண்டீதுதானே—”

“எதுக்குங்ப்பா அழிக்கோணும்? இருக்கறதுலயே அதுதான் நெம்ப நல்ல ரோடு—”

“ரோடாமா ரோடு! சாயப்பட்டறை ஆபீஸ்ல உக்காந்துட்டு என்ற புள்ள ரோடு ஓட்டறா!”

“கத்தாதீங்க. நான் சொல்றத முழுசாக் கேளுங்க—”

“மொதல்ல நீ கேளு அம்மிணி. அந்தச் சத்தத்த எங்கிருந்து எடுத்தே?”

தேஜஸ்ரீ மவுஸிலிருந்து கையை எடுக்காமல் அப்பாவை ஏறிட்டாள். கோயமுத்தூரில் இரண்டாம் வருஷம் இன்ஜினீயரிங் படிக்கிறவள், லீவுக்கு வந்திருக்கிறாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறை ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

“உங்க போன்ல இருந்துதான். மெமரி கார்டுல இருக்கற போட்டோவெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொன்னீங்கல்ல? அதுகூட வந்துச்சு. பேருகூட இல்ல. வெறும் தேதிதான்.”

என்ன தேதி என்று மகுடேஸ்வரன் கேட்கவில்லை.

அவருக்கு உலகத்தில் மதிக்கத் தகுந்தவர் ஒருவர்தான். காலையில் மீசை நறுக்கும்போது கண்ணாடியில் பார்ப்பார். மற்றவர்களெல்லாம் இளக்காரம். தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்குச் ‘சோத்துக்கு வந்த கூட்டம்’ என்று பெயர் வைத்திருந்தார். டாக்டர் ஊசி குத்துகிறவன். வாத்தியார் சாக்பீஸ் தின்கிறவன். மகள் கம்ப்யூட்டரில் ஆடும் ஆட்டம் மட்டும் தப்புமா?

ஆனால் ஆட்டம் விசித்திரமானதுதான். நம்மிடம் இருக்கிற பாட்டு எதையாவது கொடுத்தால் அந்தப் பாட்டே சாலையாக விரியும். மெல்லிய இடத்தில் மேடேறும், வேகம் பிடித்தால் சரிவில் பாயும். தாளம் விழுகிற இடத்திலெல்லாம் ஒரு வண்ணக் கட்டை கிடக்கும். குட்டி விமானம் போன்ற ஒன்றை ஓட்டிக்கொண்டு அந்தக் கட்டைகளைப் பொறுக்க வேண்டும். தேஜஸ்ரீ தன் பாட்டுகளை ஓட்டித் தீர்த்தாள், அம்மாவின் சாமிப் பாட்டுகளையும் ஓட்டித் தீர்த்தாள். கடைசியில்தான் அந்தத் தேதி கண்ணில் பட்டது.

“ஏதோ மோட்டார் சத்தம்ங்ப்பா. அதனால ரோடு வளைவே இல்லாம, சாம்பல் நெறத்துல, கெணத்துக்குள்ள எறங்கறாப்பல எறங்கீட்டே போகுது. ஒண்ணேகால் நிமிஷத்துல திடீர்னு மூணு செவப்புக் கட்டை. அப்பறம் கொஞ்ச நேரம் சும்மா. மறுக்கா மூணு. மறுக்கா மூணு. மோட்டாருக்கு ஏதுங்ப்பா தாளம்? யாரோ வேணும்னே தட்டறாங்க.”

“பைப்பு ஆடியிருக்கும்.”

“மூணு மூணாவா ஆடும்?”

“ஆடும். ஆடறதுக்கு உன்றகிட்டக் கேக்கோணுமா?”

மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். தேஜஸ்ரீ செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் திரும்பி நின்றாள்.

“நான் வார வரைக்கும் தொடாதீங்க. இன்னொண்ணு பாக்கோணும். ரெக்கார்டு மொத்தமே நாலு நிமிஷம் பத்து செகண்டுதானுங். நான் ஒம்போது நிமிஷம் ஓட்டீட்டேன், ரோடு முடியவே இல்ல.”

அவள் போன பிறகு பட்டறை அடங்கிக் கிடந்தது. ஆறு நாள் இரைச்சலுக்கு அப்புறம் வரும் ஞாயிற்றுக்கிழமையின் நிசப்தம். கொதித்து ஆறிய சாயத்தின் உப்பு வாடை, ஈரத் துணியின் புழுங்கல், எங்கோ ஒரு டிரம்மில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும் நீர்.

மகுடேஸ்வரன் மகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். அழிப்பது என்ன பெரிய வித்தை? சின்னப் பெண்ணே செய்கிறாள்.

பட்டறைக்குப் பின்னால் அவருடைய அப்பா காலத்துக் கிணறு ஒன்று உண்டு. தென்னைக்குப் பாய்ந்த தண்ணீர் வற்றிப்போனதும், சாயத் தண்ணீரை ஊர் அறியாமல் விடுவதற்கு அது வாகாக இருந்தது. நிரம்பினால் மழை நாளாகப் பார்த்து மோட்டார் போட்டு ஓடையில் இறைத்துவிடுவார். பங்குனியில் அந்த மோட்டார் திணறியது. வீரபாண்டியிலிருக்கும் மெக்கானிக் நாச்சிமுத்துவோ, கடையை விட்டு எழுந்திருக்காத ஆள். “சத்தத்த மட்டும் புடிச்சு அனுப்புங்க, பேரிங்கா பெல்ட்டான்னு காதுலயே சொல்லிப்போடறன்” என்பான். அதனால் அந்த வட்டாரத்தில் எந்த முதலாளியின் செல்போனைத் திறந்தாலும், இரண்டு முருகன் பாட்டுக்கு நடுவில் ஒரு மோட்டார் உறுமிக்கொண்டிருக்கும்.

கிணற்றுக்குள் குழாயின் அடி வால்வில் கசடு அடைத்திருந்தது. அதை எடுக்கக் காசிமாயன் இறங்கினான். உசிலம்பட்டிப் பக்கம், கிணறு வெட்டிப் பழகிய கை. கயிற்றில் கட்டிய பலகையில் உட்காரவைத்து மகுடேஸ்வரனே ராட்டினத்தைச் சுற்றி இறக்கினார். அடியில் கத்தினால் மேலே கேட்காது என்று, இறங்குமுன் அவன் சொல்லிவிட்டுத்தான் போனான்: “கொழாயத் தட்டுவேன் மொதலாளி. ரெண்டு தட்டுனா எறக்குங்க. மூணு தட்டுனா மேல தூக்குங்க. நீங்க ஒரு தட்டுத் தட்டுனா, கேட்டுருச்சுன்னு நான் தெரிஞ்சுக்கிருவேன்.”

வால்வைச் சுத்தம் செய்தான். “நீ கீழயே இரு, போட்டுப் பாக்கறன்” என்று இவர் மோட்டாரைப் போட்டார். நாச்சிமுத்துவுக்கு அனுப்ப, போனைக் குழாயோடு ஒட்டிப் பிடித்தார். ஒண்ணேகால் நிமிஷத்தில் மூன்று தட்டு வந்தது.

‘இரு. ரெக்கார்டு கெட்டுப்போயிரும்.’

மறுபடி மூன்று.

‘சோத்துக்கு வந்தவனுக்கு ஆத்திரத்தப் பாரு!’

நாலு நிமிஷம் பத்து செகண்டும் பிடித்து முடித்த பிறகுதான் போனைச் சட்டைப்பையில் போட்டார். மோட்டாரை நிறுத்திவிட்டு ராட்டினத்தைச் சுற்றினார். பலகை இலேசாக, ஈரத்தோடு மேலே வந்தது. அதில் யாரும் இல்லை. கிணற்றிலிருந்து விஷவாயுவின் அழுகிய முட்டை வாடை எழுந்தது.

ஆளைக் கூப்பிட்டால் கிணறு வெளியே தெரியும். கிணறு தெரிந்தால் பட்டறைக்குச் சீல். அவர் யாரையும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் கிணற்றின் வாயில் கான்கிரீட் பலகை ஏறியது. காசிமாயன் மனைவி பாண்டியம்மாளிடம், “உன்ற புருசன் எவளையோ இழுத்துட்டு ஓடிப்போயிட்டான்” என்றார். அவள் பட்டறை ஆட்களுக்கான லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று பெருந்தன்மை வேறு. எட்டு மாசமாக அவள் ஞாயிறு தோறும் ஆபீசைக் கூட்டுகிறாள்.

அந்த ரெக்கார்டு போனுக்குள்ளேயே இருந்திருக்கும் என்று மகுடேஸ்வரனுக்குத் தோன்றவே இல்லை. செல்போனும் அவருக்கு இளக்காரம்தான்.

திரையில் அந்தத் தேதி இருந்தது. அதன் மேல் வைத்து அமுக்கினார். அழியவில்லை. சாலை திறந்துகொண்டது.

ஸ்பீக்கரில் மோட்டார் உறுமத் தொடங்கியது. சாம்பல் சாலை அவர் காலடியிலிருந்தே புறப்பட்டாற்போல் கீழே இறங்கியது. இருபுறமும் சுவர் எழும்பிக்கொண்டே வந்தது. கீபோர்டில் எதை அமுக்கினாலும் நிற்காமல், அவர் தொடாமலேயே அந்தக் குட்டி விமானம் சறுக்கிச் சறுக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒண்ணேகால் நிமிஷம். மூன்று சிவப்புக் கட்டைகள்.

டக். டக். டக்.

“த்தூ” என்றார் சத்தமாக. ஒரு விளையாட்டுச் சாமான். நாலு நிமிஷம் பத்து செகண்டு பொறுத்தால் தானாக நின்றுவிடும். அன்றைக்குப் பொறுத்தவர்தானே.

மூன்று. மூன்று. பிறகு இரண்டு மட்டும். மூன்றாவது வர நேரமாயிற்று. வந்தது.

மூலையில் எண் ஓடியது. நாலு எட்டு. நாலு ஒன்பது. நாலு பத்து.

மோட்டார் நின்றது.

சாலை நிற்கவில்லை.

நாலு பதினொன்று. இனி ஸ்பீக்கரில் வருவதை அவர் போன் பிடித்திருக்க முடியாது. ராட்டினம் கிறீச்சிட்டது, எண்ணெய் காணாத அதே ராட்டினம். ஈரக் கயிறு உராய்ந்தது. ஒரு ஆள் காறித் துப்பினான். அது தன் குரல் என்று அவருக்குத் தெரிந்தது. அப்புறம் ஏதோ கனமான ஒன்று கல்லின்மேல் அரைந்து அரைந்து நகர்ந்தது. திரையில் சாலைக்கு மேலே ஒரு மூடி வந்து கவிந்தது. மீதமிருந்த வெளிச்சம் தேய்பிறை நிலாக் கீற்றாகி, நூலாகி, போயிற்று.

இருட்டில் கட்டைகள் மட்டும். சிவப்பாக. மூன்று மூன்றாக.

வாடை.

அழுகிய முட்டை வாடை.

கரன்ட் போனது. மின்விசிறி நின்றது. மேஜைக்கடியில் யூபிஎஸ் பீப் பீப் என்று அலறியது. திரை அணையவில்லை. மகுடேஸ்வரன் மண்டியிட்டு, தவழ்ந்து, யூபிஎஸ் ஒயரைப் பிடித்து இழுத்தார். பிடுங்கிக்கொண்டு வந்தது.

திரை கறுத்தது. ஸ்பீக்கர் ஓய்ந்தது.

டக். டக். டக்.

ஜன்னலுக்கு வெளியே.

கிணற்றிலிருந்து வந்த இரும்புக் குழாய் சுவரோரமாக ஓடி, ஆபீஸ் ஜன்னலடியில் முடிந்தது. அறுத்துப்போட எட்டு மாசமாகச் சோம்பல். அவர் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினார். மத்தியான வெயிலில் கொதிக்க வேண்டிய இரும்பு. ஜில்லென்றிருந்தது. உள்ளங்கையில் அதிர்ந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

“மொதலாளி.”

வெளியே, ஜன்னலுக்கு அந்தப் பக்கம், விளக்குமாறும் வாளியுமாகப் பாண்டியம்மாள் நின்றிருந்தாள்.

“கொழாயத் தட்டுறது யாரு மொதலாளி?”

“யாருமில்ல. வெயிலுக்கு இரும்பு விரியுது. நீ அக்கட்டால போ.”

“வெயிலு அன்னாடுந்தான அடிக்குது.”

“எதுத்தா பேசறே? சோத்துக்கு வந்த...” மீதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அவள் போகவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். மூன்று விழுந்தது. அவள் உதடு அசைந்து எண்ணியது.

“எங்க வீட்டு ஆளு எனக்கும் இதச் சொல்லிக் குடுத்திருக்காக. வெளயாட்டுக்குச் செவத்தத் தட்டுவாக. நான் பதிலுக்கு ஒண்ணு தட்டணும்.”

“பாண்டியம்மா, வேண்டாம். சொன்னாக் கேளு.”

எட்டு மாசத்தில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் வாளியை இறக்கி வைத்தாள். கையிலிருந்த கண்ணாடி வளையலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, விளக்குமாற்றின் அடிக்கட்டையால் குழாயை ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

கீழே தட்டிக்கொண்டிருந்தது நின்றது.

டிரம்மில் சொட்டும் நீர்கூட நின்றாற்போலிருந்தது. குழாயிலிருந்து கையை எடுக்க மகுடேஸ்வரன் முயன்றார். விரல்கள் பிரியவில்லை. உள்ளே, வெகு ஆழத்தில், ஏதோ ஒன்று குழாயைக் கட்டிக்கொண்டாற்போல் கனத்தது.

பிறகு வந்தது. நிதானமாக இல்லை. மூச்சுவிடாமல், அவசர அவசரமாக, இரும்பு முழுக்க நடுங்க. மூன்று. மூன்று. மூன்று. மூன்று. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டே.

பாண்டியம்மாள் குழாயின் மேல், அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். நிமிர்ந்து அவர் முகத்தை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

“மூணு தட்டுனா மேல தூக்கணும் மொதலாளி. எம்புட்டு நேரமாத் தட்டுறாக?”