சாய்கிற தூண்கள்

"விழுது! விழுது!"

கோர்பி போட்ட அலறல் புதுத் தேவாலயம் முழுக்க எதிரொலித்தது. பாட்டுப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். எதுவும் விழவில்லை. ஐந்து வயதுக் கோர்பி மட்டும் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டான்.

அவன் அக்கா அஃப்ராவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"டேய், வெளிய வாடா. எல்லாரும் பாக்குறாங்க."

"மாட்டேன். மேல இருக்குற தூண் நம்ம தலையில விழப்போகுது!"

மேலே இருந்தது வெறும் ஓவியம். பவேரியாவின் அந்தச் சின்ன ஊரில் பழைய தேவாலயம் இடி விழுந்து எரிந்துபோனதால், ஊரே கூடிப் புதியதைக் கட்டியது. உயரமான குவிமாடம் வேண்டுமென்று எல்லாருக்கும் ஆசை. ஆனால் அடியில் சதுப்பு நிலம். சுவர்கள் அந்தக் கனத்தைத் தாங்காது. அதனால் ஓவியர் ஒருவர் தட்டையான கூரையிலேயே தூண்கள், வளைவுகள், வானம், தேவதூதர்கள் என்று ஒரு குவிமாடத்தை வரைந்துவிட்டார்.

"சாயத்துக்குப் பயப்படுறான் பாரு!" என்று சிரித்தான் மில்காரர் மகன் வீட்டஸ். "நாளைக்குப் பிஷப் வந்து புதுக் கோயில மந்திரிச்சுத் திறக்கும்போது, இவன் பெஞ்சுக்கு அடியிலதான் பூசை பாப்பான்!"

கோர்பி விசும்பினான். நாளைக்கு மெழுகுவத்தி ஏந்தப் போகிறவர்களில் அவனும் ஒருவன்.

அஃப்ரா திட்ட வாயெடுத்தாள். அவன் நடுக்கத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. அவளும் தவழ்ந்துபோய் அவன் பக்கத்தில் மல்லாந்து படுத்தாள். தலையை மட்டும் பெஞ்சுக்கு வெளியே நீட்டி மேலே பார்த்தாள்.

"அட, நெஜமாவே சாயுதுடா!"

"நான்தான் சொன்னேன்ல?" கோர்பியின் அழுகை சட்டென்று நின்றது.

அஃப்ரா கொஞ்சம் நகர்ந்தாள். தூணும் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் நகர்ந்தாள்.

"கோர்பி, என்கூட வாயேன். தூண் எழுந்திரிக்குது!"

இருவரும் முதுகாலேயே தரையில் வழுக்கிக்கொண்டு போனார்கள். நடுப்பாதைக்கு வந்தபோது எல்லாத் தூண்களும் நேராக நின்றன. வானம் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது.

"இந்த எடத்துலேர்ந்து பாக்குறதுக்குன்னே வரைஞ்சிருக்காங்கடா!"

கோர்பி பெஞ்சுக்கு ஓடினான், தூண் சாய்ந்தது. திரும்பி வந்தான், நிமிர்ந்தது. "அக்கா! நான் போனா படுத்துக்குது, நான் வந்தா எழுந்துக்குது!"

பங்குச் சாமியார் உள்ளே வந்தார். அஃப்ராவின் பாவாடையில் ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்துவிட்டு, "பெருக்கியாச்சா? ரொம்ப சந்தோஷம்மா," என்றார்.

மறுநாள் பிஷப் வாசலில் கால் வைத்தவர், அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவர் நெற்றி சுருங்கியது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

நடுப்பாதையில் மெழுகுவத்தியோடு நின்ற கோர்பி கை காட்டினான்.

"பயப்படாதீங்க சாமி! அங்க நிக்காம இங்க வாங்க. நான் நிமிர்த்தி வெச்சிருக்கேன்!"

அஃப்ரா கண்களை மூடிக்கொண்டாள்.

காலடிச் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

"அடடா," என்றார் பிஷப் மெதுவாக. "நல்லாத்தான் நிமிர்த்தி வெச்சிருக்கே, தம்பி!"