தேன்தொண்டைக்கு மூன்று கொலைகாரர்கள்

"வீ...ல்...!"

ஹெட்போனுக்குள் அலறல்! சவுண்ட் இன்ஜினியர் பதறிப்போய் அதைக் கழற்றினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெலடி பாடகி மைக் முன்னால் நின்று கர்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் செத்த சேதியைக் கேட்டு நான் அலறினது... அப்படியே வந்துச்சாம்மா?"

"வந்துச்சு மேடம். கூடவே காதுல ரத்தமும் வந்துச்சு!"

பிரபல பாடகர் 'தேன்தொண்டை' செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அஞ்சலியாக ஓர் ஆல்பம். அவருடைய கடைசி நாள்தான் கரு. காலைக்கு ஒரு பாட்டு, மதியத்துக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. பாடுவது மூன்று பேர். யார் அதிகமாக அழுதது என்பதில்தான் அடிதடி!

நிஜமாக அழ வேண்டியவள் சவுண்ட் இன்ஜினியர்தான். தேன்தொண்டை அவளுடைய அத்தான். அவர் குடித்த வெந்நீரில் விஷம் வைத்ததாக அவளுடைய அக்காவைப் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள்.

கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர்!

"சார்... எங்க அக்காவை எப்ப விடுவீங்க?"

"நிஜக் கொலைகாரன் கிடைச்சதும் விட்டுடறேம்மா" என்றவர், சோபாவில் சரிந்திருந்த ராப் பாடகன் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா... 'உன்னைக் கொன்னவன் நான்தான்டா'ன்னு பாடியிருக்கியாமே?"

"ஐயோ, அது பாசத்துல வந்த வரி சார்! நேத்து லீக் ஆயிடுச்சு. பத்து லட்சம் பேர் கேட்டுட்டாங்க!"

"கொன்னியா, இல்லையா?"

ராப் பாடகன் செல்போனைப் பார்த்தான். பதினொரு லட்சம்!

"ஆ... ஆமா சார். கொன்னேன்."

பாடகி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"புளுகறான் சார்! நான்தான் கொன்னேன்! வெந்நீர்ல விஷத்தைக் கலந்தது இந்தக் கைதான்!"

"அடடா!" மூன்றாவது பாட்டுக்காரரான சிஷ்யர் துள்ளி எழுந்தார். "இருபது வருஷம் அவர் பெட்டியைத் தூக்கினவன் நான். என்னை விட்டுட்டு வேற யாரு கொல்லுவா? வெந்நீர்ல கலந்தது நான்தான் சார்!"

"நானும் வெந்நீர்லதான்!" என்றான் ராப் பாடகன்.

"நான்தான் முதல்ல சொன்னேன்!"

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். சர்வீஸில் இத்தனை சல்லிசாகக் கொலைகாரர்கள் கிடைத்ததே இல்லை அவருக்கு.

"தப்பு...!"

மூலையிலிருந்து ஒரு குரல் சீறியது. கோரஸ் வாத்தியார்! கூட்டாகப் பாடுகிறவர்களுக்குச் சுருதி சேர்த்துக் கொடுப்பது அவர் வேலை. நூலிழை பிசகினாலும் உடம்பெல்லாம் எரியும் அவருக்கு.

"மூணு பேரும் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் சொல்றீங்களே! வெந்நீரும் இல்ல, வெங்காயமும் இல்ல. இருமல் மருந்து! இருமல் மருந்துல கலந்தது!"



இன்ஸ்பெக்டர் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை மெல்ல உருவினார்.

"இருமல் மருந்துன்னு லேப் ரிப்போர்ட் வந்ததே இன்னைக்குக் காலையிலதான் வாத்தியாரே. இன்னும் என் பாக்கெட்டை விட்டு வெளியே வரல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாத்தியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"முப்பது வருஷம் சார்... முப்பது வருஷமா உச்சஸ்தாயில சுருதி தப்பித்தான் பாடினான்! ஊரே கை தட்டிச்சு! என் காது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதான்... முடிச்சேன்!"

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"அப்போ... நாங்க கொலை பண்ணலையா சார்?" என்றாள் பாடகி, அழாக்குறையாக.

"இல்லம்மா. போய்ப் பாடற வேலையைப் பாருங்க."

மூன்று முகங்களும் தொங்கிப்போயின. அன்று அந்த ஸ்டுடியோவில் பார்த்த ஒரே நிஜமான சோகம் அதுதான்!

இன்ஸ்பெக்டரே ஜெயிலுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். சவுண்ட் இன்ஜினியருக்கு அழுகை பீறிட்டது.

"அக்கா... நீ வெளியே வரப் போறே! வாத்தியார்தான் கொன்னாராம். அத்தான் சுருதி தப்பித் தப்பிப் பாடினாராம்... அதுக்காகவாம்! அநியாயமா இல்ல?"

மறுமுனையில் அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"கொன்னது அநியாயம்தான்டி... ஆனா காரணத்தைத் தப்பு சொல்லாதே. காதுல பஞ்சு வெச்சுக்காம அந்த மனுஷன்கூட நான் ஒருநாளாவது குடும்பம் நடத்தியிருப்பேன்னா நினைக்கிறே?"